கம்பைல் ஆகிறது, ஓடமாட்டேன் என்கிறது: ரன்பாத் பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரு சின்ன ஆபீஸில் வேலை செய்கிறேன். மூன்று நாளாக ஒரே எரரைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கிறேன்.

சர்வர் உபுண்டு. எனக்கு சூடோ, அதாவது அட்மின் உரிமை, கிடையாது (கேட்டால் டிக்கெட் போடச் சொல்வார்கள், அது தனிக்கதை). அதனால் இரண்டு லைப்ரரிகளை சோர்ஸிலிருந்து பில்ட் செய்து ஹோம் டைரக்டரிக்குள் வைத்தேன். என் புரோகிராமை கம்பைல் செய்யும்போது பெரிய எல் ஆப்ஷனில் (-L) அந்த பாத் கொடுத்ததும், லைப்ரரிகளை இணைக்கும் லிங்க்கர் சமர்த்தாக எடுத்துக்கொண்டது. ஓடவிட்டால் மட்டும் "லைப்ரரி கிடைக்கவில்லை". சரி, ஓடும்போது லைப்ரரிகளை ஏற்றுகிற லோடர் வழக்கமாகத் தேடுகிற இடங்கள் வேறு: லைப்ரரிகளின் பட்டியல் இருக்கிற கேஷ் ஃபைல், அப்புறம் லிப், யூஎஸ்ஆர் லிப் அவ்வளவுதான். என் ஹோமை அது ஏன் எட்டிப்பார்க்கப் போகிறது?

லோடருக்குக் கூடுதல் இடம் காட்டும் எல்டி லைப்ரரி பாத் வேரியபிளை, ஷெல் திறக்கும்போது படிக்கிற பேஷ்ஆர்சி ஃபைலில் போட்டேன், ஓடியது. ராத்திரி கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓடவிடுவது) மறுபடி விழுந்தது. கிரான் பேஷ்ஆர்சியைப் படிப்பதில்லையே.

பிறகு, தேடவேண்டிய இடத்தை புரோகிராமுக்குள்ளேயே எழுதிவைக்கும் ஆர்பாத் ஆப்ஷனோடு லிங்க் செய்தேன். முதல் லைப்ரரி கிடைக்கிறது, அது கேட்கிற இரண்டாவது கிடைக்கவில்லை! புரோகிராம் ஃபைலுக்குள் பார்க்க உதவும் ரீட்எல்ஃப் போட்டால், உள்ளே இருப்பது ஆர்பாத் இல்லை, அதன் புதிய வடிவமான ரன்பாத். அது நேரடியாகக் கேட்கிற லைப்ரரிக்கு மட்டும்தான் செல்லும் என்று இப்போதுதான் புரிந்தது.

ரன்பாத்தை எழுதவைக்கும் புதிய டிடேக்ஸ் என்ற லிங்க்கர் ஆப்ஷனை அணைத்து பழைய ஆர்பாத்துக்கே போகலாமா, இல்லை பில்ட் ஆன ஃபைலில் பாத்தை மாற்றும் பேட்ச்எல்ஃப் வைத்து முதல் லைப்ரரிக்கும் ஆரிஜின் (அந்த ஃபைல் இருக்கிற டைரக்டரி) பாத் எழுதலாமா? எனக்கு இரண்டாவதுதான் சுத்தமாகத் தெரிகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.