ஜாவா: ஜிஜிப்பில் எழுதும் ஆப்ஜெக்ட்கள், ப்ராசஸ் இடையில் செத்தால் தப்புமா?

வணக்கம். ஜாவா 17. ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீமுக்கு (ஆப்ஜெக்ட்களை பைட்டுகளாக்குவது) அடியில் ஜிஜிப்அவுட்புட்ஸ்ட்ரீம் (அவற்றைச் சுருக்குவது) வைத்து, சென்சார் ரெக்கார்டுகளை ஒரே ஃபைலில் நாள் முழுக்க எழுதுகிறோம். ப்ராசஸ் செத்தால் பஃபரில் இருந்தது டிஸ்குக்கு வராது. படிக்கும்போது ஈஓஎஃப் எக்ஸெப்ஷன் (ஃபைல் பாதியில் முடிந்துவிட்டது என்ற பிழை). சும்மா ஃப்ளஷ் (பஃபரில் உள்ளதை வெளியே தள்ளுவது) போதாது, கன்ஸ்ட்ரக்டரில் சின்க்ஃப்ளஷ் ட்ரூ கொடுத்தால்தான் அது டிஃப்ளேட்டர் (சுருக்கும் பகுதி) வரை இறங்கும். கொடுத்தாயிற்று. ஆனால் ரெக்கார்டுக்கு ரெக்கார்டு ஃப்ளஷ் செய்தால் ஃபைல் ஊதிவிடுகிறது. இதில் ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீமின் ரீசெட் (இதுவரை எழுதியவற்றை மறக்கச் சொல்வது) வேறு: செய்யாமல் விட்டால் எழுதிய ஆப்ஜெக்ட் எல்லாம் ஹீப்பிலேயே (மெமரியில்) உட்கார்ந்துவிடும், செய்தால் கிளாஸ் விவரம் திரும்ப எழுதப்படும்.

இப்போது யோசிப்பது: 1000 ரெக்கார்டுகளைத் தனி ஜிஜிப்பாகச் சுருக்கி, முன்னால் 4 பைட் நீளம் எழுதி அப்பெண்ட் செய்வது. சிஆர்சி32 (சரிபார்ப்பு எண்) ஜிஜிப்பின் வாலிலேயே இருப்பதால் கடைசிப் பிளாக் அரைகுறையானால் தெரிந்துவிடும். (வெறும் அப்பெண்ட் வேண்டாம், நடுவில் இன்னொரு ஆப்ஜெக்ட் ஸ்ட்ரீம் ஹெடர் விழுந்து 'இன்வாலிட் டைப் கோட்: ஏசி' என்று முறைக்கும்.)

இப்படிச் செய்தவர்கள் பிளாக்கை எண்ணிக்கையால் வெட்டுகிறீர்களா, பைட் அளவாலா? ஒவ்வொரு பிளாக்குக்கும் ஃபைல்சேனல் ஃபோர்ஸ் (டிஸ்கில் கட்டாயமாக எழுத வைப்பது) கொடுக்கிறீர்களா?