மண்டபம் பக்கம் ஓவிய வகுப்பு எடுக்கிறேன், கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் வெள்ளிக்கிழமை மதியம் ஓவியம் சொல்லித்தருகிறேன், சம்பளம் கிடையாது, நானாகப் போய்க் கேட்டு வாங்கியதுதான். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 34 பிள்ளைகள், எல்லாரும் ஒரே அறையில்.

முதல் வாரம் பிடித்ததை வரையச் சொன்னேன். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஓட்டு வீடு. கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் இதேதான். ஜன்னலுக்கு வெளியே கடலும் காயப்போட்ட வலையும் பனைமரமும் இருக்க, பார்த்தே இராத மலையை ஏன் வரைகிறார்கள்? அடுத்த வாரம் 'அப்பா போகிற வல்லத்தை (மீன்பிடிப் படகை) வரையுங்கள்' என்றதும் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் நங்கூரக் கயிறு கட்டுகிற இடம் வரை போட்டுவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் எப்படி வேலை கொடுப்பது? கடல்காற்றில் தாள் நமுத்துப் போய் வாட்டர் கலர் காயவே மாட்டேன் என்கிறது, அதற்கு என்ன தாள் வாங்கலாம்? அப்புறம், பனை ஓலையில் பெட்டி முடையத் தெரிந்த பாட்டி ஒருவர் வந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார், ஓலைக்குப் போட பிள்ளைகள் கைக்கு ஒத்துக்கொள்ளும் சாயம் எது?

பவளத் துண்டு, கடல்குதிரை வைத்து ஒட்டுகிற யோசனை மட்டும் வேண்டாம், இரண்டுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. ராமநாதபுரம், கீழக்கரை பக்கம் இருப்பவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை நேரில் வந்தாலும் ரொம்ப சந்தோஷம்.