பள்ளியில் உங்களுக்கு யாராவது வழி காட்டினார்களா?

ஜன்னலோரம்:

நேற்று மகள் பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். அடுத்த இரண்டு வருடத்துக்கு எந்தெந்தப் பாடம் என்று டிக் அடித்து வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம். ஒரே ஒரு பக்கம். பார்த்ததும் எனக்குக் கை சில்லிட்டுப் போனது.

காரணம் இருக்கிறது. இதே மாதிரி ஒரு படிவத்தில்தான் பதினைந்து வயதில் நான் கணக்கை விட்டேன். பெரிய யோசனை எல்லாம் இல்லை. அந்த வாரம் டெஸ்டில் மார்க் குறைவு, பக்கத்தில் உட்கார்ந்த தோழியும் விட்டாள், அவ்வளவுதான். படிவத்தை வாங்கிய ஆசிரியர், எல்லோருடையதும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்ததோடு சரி. மூன்று வருடம் கழித்துப் பொருளாதாரம் படிக்க ஆசைப்பட்டபோதுதான், நான் பார்த்துவைத்த படிப்புகளுக்கெல்லாம் கணக்கு கட்டாயம் என்று தெரிந்தது. அப்புறம் தனியாகக் கணக்கு படித்து, பரீட்சை எழுதி, ஒரு வருடம் தாமதமாகக் கல்லூரிக்குள் நுழைந்தேன். வாழ்க்கை ஒன்றும் பாழாகவில்லை. ஆனால் யாராவது ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பேசியிருந்தால் அந்த ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அதனால் கேட்கிறேன். கல்லூரிக்கோ வேலைக்கோ உங்களைத் தயார்படுத்த உங்கள் பள்ளி செய்த உருப்படியான காரியம் எது? வெறும் சடங்காக முடிந்தது எது? சின்ன விஷயமானாலும் எழுதுங்கள்.

ஆறாவது பெஞ்ச்:

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டரில் ஒரு திறனறித் தேர்வு வைத்தார்கள். நூற்றுச் சொச்சம் கேள்வி. 'உடைந்த பொருளைச் சரிசெய்வது உனக்குப் பிடிக்குமா?', 'கூட்டத்தில் பேசப் பிடிக்குமா?' என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் பிரின்டர் ஒரு தாளைத் துப்பியது. எனக்கு வந்த முதல் மூன்று தொழில்கள்: வனக்காவலர், மதபோதகர், லிப்ட் மெக்கானிக். வகுப்பே சிரித்தது. ஒரு மாதம் என்னைச் 'சாமியார்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வழிகாட்டி ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதில் எந்தக் கேள்விக்குப் பதில் போட ரொம்ப யோசித்தாய்?" என்று கேட்டார். எனக்கு டக்கென்று ஞாபகம் வந்தது. பொருளைச் சரிசெய்வதா, ஒருவருக்குப் புரியவைப்பதா என்று ஒரு கேள்வி. இரண்டுமே பிடிக்கும் என்று போட அதில் இடம் இல்லை. "அப்படியானால் இரண்டும் சேர்ந்த வேலை என்னென்ன இருக்கிறது என்று பத்து எழுதிக்கொண்டு வா" என்றார். ஏழுதான் எழுத முடிந்தது.

அந்த ஏழில் ஒன்றைத்தான் இப்போது செய்கிறேன். ஆஸ்பத்திரி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது, அவற்றை எப்படிக் கையாளுவது என்று நர்ஸ்களுக்குச் சொல்லித்தருவது. தாளில் அப்படி ஒரு தொழிலே இல்லை.

மேசைக்கு இந்தப் பக்கம்:

நான் அந்த வழிகாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். அந்த ஆசிரியை செய்ததுதான் சரி. இப்படிப்பட்ட தேர்வுகளில் பலவற்றுக்கு அடித்தளம் ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த கோட்பாடு. (நாடு இல்லை, ஆள் பெயர்தான். பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள்.) கையால் செய்வது, துருவி ஆராய்வது, கலை, மனிதர்களுக்கு உதவுவது, ஆட்களைத் திரட்டி ஒரு காரியத்தை முன்னெடுப்பது, கணக்கு வழக்கை ஒழுங்காக வைப்பது என ஆறு வகை நாட்டம். யாரும் ஒன்றில் மட்டும் அடங்க மாட்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். தாளை ஜாதகம் மாதிரி நீட்டுவது நாங்கள் செய்யும் தப்பு.

எங்கள் தொழிலே பள்ளிக்கூடத்தில் பிறந்தது இல்லை. 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் வேலை தேடும் இளைஞர்களுக்காக ஓர் அலுவலகம் திறந்தார். அதே வருடம் இறந்தும் போனார். அவர் எழுதி வைத்தது அடுத்த வருடம் புத்தகமாக வந்தது. உன்னை நீ அறிந்துகொள், வேலைகளைப் பற்றி அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பதுதான் அதன் சாரம். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நாங்கள் செய்வது அதேதான், செய்ய நேரம் கிடைத்தால்.

அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. நான் ஒருத்தி 430 பேருக்கு. அதிலும் பாதி நேரம் பரீட்சைக்கு இருக்கை எண் ஒட்டுவது, லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது என்று போய்விடும். குறை சொல்ல வரவில்லை, ஆனால் 'அந்த மேடம் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை' என்று யாராவது இங்கே எழுதினால், அந்த மேடம் அநேகமாக ஸ்டேப்ளரோடு வராந்தாவில் நின்றிருப்பார்.

ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு பெண்ணுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. உதவித்தொகையும் கிடைத்தது. பள்ளியில் கைதட்டி, போட்டோ எடுத்து அனுப்பிவைத்தோம். கல்லூரி திறந்து இரண்டு வாரம் கழித்துத் தற்செயலாகப் பார்த்தால் வீட்டில் இருக்கிறாள். விடுமுறையில் கல்லூரியிலிருந்து மூன்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒன்றில் 'இடத்தை உறுதிசெய்யவும்' என்று ஒரு இணைப்பு. ஏற்கெனவே சரி என்று சொல்லியாயிற்றே, இது வேறு யாருக்கோ வந்த பொதுக் கடிதம் என்று விட்டுவிட்டாள். இடம் போய்விட்டது. கேட்க யாரும் இல்லை, பள்ளி மூடியிருந்தது, நானும் லீவில் இருந்தேன்.

அவள் மட்டும் இப்படி இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், கோடையில் கரைந்துபோவது என்று. இடம் கிடைத்தும் கல்லூரி திறக்கும் நாளில் வந்து சேராத பிள்ளைகள். அதிலிருந்து பள்ளி முடிந்த பிறகும் ஒரு பட்டியல் என் போனில் இருக்கிறது. விடுமுறையில் வாரம் ஒருநாள் எல்லோருக்கும் ஒரே கேள்வி அனுப்புவேன்: "இந்த வாரம் கல்லூரியிலிருந்து என்ன வந்தது? எனக்கும் அனுப்பு." அதற்குச் சம்பளம் கிடையாது. பரவாயில்லை.

நடுவரிசை:

எங்கள் பள்ளியில் 'தொழில் தினம்' என்று வருடம் ஒரு நாள். பதினொரு பேர் வந்தார்கள். அதில் நான்கு டாக்டர், நான்கு இன்ஜினீயர். விமானி ஒருவர் யூனிபார்மோடு வந்ததால் கூட்டம் முழுக்க அங்கேதான். எல்லோரும் ஜெயித்த கதையையே சொன்னார்கள். ஒருவர் மட்டும், முதல் வேலையில் ஏழு மாதத்தில் அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லி, ஏன் அனுப்பினார்கள் என்பதையும் சொன்னார். மற்ற பத்துப் பேர் பேசியதில் ஒரு வரிகூட இன்று ஞாபகம் இல்லை.

கம்பியும் குழாயும்:

எனக்குக் கிடைத்த வழிகாட்டல் எதிர்மறையானது. தொழிற்கல்விப் பிரிவு வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததும், "மார்க் நன்றாகத்தானே வாங்குகிறாய், உனக்கென்ன தலையெழுத்து?" என்று கேட்டார் ஒருவர். படிப்பு வராதவர்களைத் தள்ளிவிடும் இடம் அது என்பது அவர் நினைப்பு. நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கேள்வி ரொம்ப நாள் உள்ளே கிடந்தது.

என்னைக் காப்பாற்றியது வேறு ஒரு ஏற்பாடு. இரண்டு நாள் ஏதாவது ஒரு வேலை நடக்கும் இடத்தில் போய் நிற்க வேண்டும், வேடிக்கை பார்த்தால் போதும். நான் ஒரு எலெக்ட்ரீஷியனோடு போனேன். என் வேலை டார்ச் பிடிப்பது. மெயினை அணைத்தார், பூட்டுப் போட்டார், சாவியைப் பையில் வைத்தார். வேலையை ஆரம்பிப்பார் என்று பார்த்தால், டெஸ்டரை எடுத்துக்கொண்டு கரன்ட் இருக்கும் வேறொரு இடத்தில் வைத்தார். எரிந்தது. பிறகு அணைத்த கம்பியில் வைத்தார். எரியவில்லை. மறுபடி முதல் இடத்துக்கே போய் வைத்தார். எரிந்தது. "முதலில் ஒரு தடவை பார்த்தீர்களே?" என்றேன். "நடுவில் டெஸ்டர் செத்துப்போயிருந்தால்?" என்றார். கம்பியில் கரன்ட் இல்லை என்பதை நம்பக் கூடாது, நிரூபிக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இருந்த இயற்பியல் எனக்கு அன்றுதான் உயிரோடு தெரிந்தது.

ஜெர்மனியில் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் நிறுவனத்தில் ஒப்பந்தத்தோடு, உதவித்தொகையோடு பயிற்சி. அங்கீகரித்த தொழில்களே 300க்கு மேல். சுவிட்சர்லாந்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் தொழிற்கல்வி வழியில்தான் போகிறார்கள், அங்கிருந்து பின்னால் உயர்கல்விக்குப் போகவும் கதவு இருக்கிறது. அவர்களிடம் யாரும் தலையெழுத்து என்று கேட்பதாகத் தெரியவில்லை.

போர்டும் சாக்பீஸும்:

கணக்கு வாத்தியார் என்ற முறையில் ஒரு பாவமன்னிப்பு. முதல் பதிவைப் படித்ததும் எண்ணிக்கை மட்டும் பார்த்த அந்த ஆசிரியர் நானாகவும் இருக்கலாம் என்று தோன்றியது.

என் கதை பரிந்துரைக் கடிதம் பற்றியது. வருடத்துக்கு முப்பது, நாற்பது எழுத வேண்டியிருக்கும். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு மிக்கவர்' என்று ஒரு அச்சு வைத்திருந்தேன். பெயரை மட்டும் மாற்றுவேன். ஒரு வருடம் இரண்டு பிள்ளைகள் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பித்தார்கள். இரண்டு கடிதமும் வரிக்கு வரி ஒன்று. அதுகூடப் பரவாயில்லை, பையனுடைய கடிதத்தில் ஓரிடத்தில் 'இம்மாணவி' என்று இருந்தது. கல்லூரியிலிருந்து ரொம்ப மரியாதையாகப் போன் செய்து கேட்டார்கள். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது கடிதம் கேட்டு வருபவர் ஒரு தாள் எழுதிக்கொண்டு வர வேண்டும். அதில் ஒரே கேள்வி: என் வகுப்பில் நீ தப்பாகச் செய்து, பிறகு சரிசெய்த ஒன்றைச் சொல். போன வருடம் ஒருத்தி எழுதினாள், நிகழ்தகவுக் கணக்கு ஒன்றில் விடைக்குறிப்பு தப்பு, அவள் செய்ததுதான் சரி, ஆனால் கையைத் தூக்க மூன்று நாள் ஆயிற்று என்று. கடிதம் தானாக எழுதிக்கொண்டது.

எதிர்க்காற்று:

எல்லாம் சரி. ஆனால் பள்ளிக்கூடம் என்ன ஆள் பிடித்துக்கொடுக்கும் ஏஜென்சியா? பதினைந்து வயதுப் பிள்ளையிடம் 'என்ன ஆகப்போகிறாய்' என்று நச்சரிக்காமல் விட்டால் அதுவே பெரிய வழிகாட்டல். எனக்கு முப்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

மேசைக்கு இந்தப் பக்கம்:

காற்று அண்ணா, பாதி ஒத்துக்கொள்கிறேன். என்ன ஆகப்போகிறாய் என்று நானும் கேட்பதில்லை. எந்தக் கதவையும் இப்போதே பூட்டிவிடாதே என்று சொல்வதுதான் பெரும்பாலும் என் வேலை. முப்பத்திரண்டில் முடிவெடுக்கவும் கதவு திறந்திருக்க வேண்டுமே.

முதல் தலைமுறை:

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்குப் பாடம் கஷ்டமாக இல்லை. வார்த்தைகள்தான் கஷ்டம். ஒரு பாடத்தை முடித்தால் கணக்கில் சேரும் அலகைக் கிரெடிட் என்பார்கள், நான் அதைக் கடன் என்று நினைத்தேன். பேராசிரியர் இன்ன நேரத்தில் அறையில் இருப்பார் என்று போட்டிருந்தால், அது அவர் வேலை செய்யும் நேரம், தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. நம்மைச் சந்திக்கத்தான் அந்த நேரம் என்று யார் சொன்னார்கள்?

அந்நியருக்கு எப்படி எழுதுவது என்பதை மட்டும் பள்ளியிலேயே கற்றுக்கொண்டேன். மொழி ஆசிரியை ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்: உனக்குப் பிடித்த வேலையில் இருக்கும், உனக்குத் தெரியாத ஒருவருக்கு ஒரு கேள்வி கேட்டு எழுது. நான் மூன்று பத்தி எழுதினேன். மதிப்புக்குரிய ஐயா, வணக்கம், என் பெயர் இது, என் பள்ளி இது, தங்கள் பொன்னான நேரத்தை... அவர் சிவப்பு மையால் முழுவதையும் அடித்துவிட்டுக் கடைசி வரியில் இருந்த கேள்வியை மட்டும் வட்டம் போட்டார். 'இதை மேலே கொண்டுவா' என்று பக்கத்தில் குறிப்பு. ஐந்து வரியாகச் சுருக்கி அனுப்பினேன். பதில் வந்தது, இரண்டே வரி. முதல் வேலைக்கு விண்ணப்பித்தபோதும் கேள்வியை மேலே வைத்துத்தான் எழுதினேன்.

ஜன்னலோரம்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மேசை மேடம், ஒரு சந்தேகம். பள்ளியில் போய்க் கேட்டால் அதிகப்பிரசங்கி என்று நினைப்பார்களோ? ஒரு பெற்றோர் எதை எதிர்பார்க்கலாம்?

மேசைக்கு இந்தப் பக்கம்:

தாராளமாகக் கேளுங்கள் அக்கா. ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், இங்கிலாந்தில் 2014இல் பள்ளிகளின் வழிகாட்டலுக்கு 'கேட்ஸ்பி' என்ற பெயரில் எட்டு அம்சங்கள் வகுத்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு மாணவருக்கும் 16 வயதுக்குள் ஒரு தடவையாவது, 18க்குள் மறுபடியும், பயிற்சி பெற்ற ஆலோசகரோடு தனியாக உட்கார்ந்து பேச வாய்ப்பு வேண்டும் என்பது. 11 வயதிலிருந்து வருடம் ஒரு முறையாவது வேலை கொடுப்பவர்களையோ வேலை செய்பவர்களையோ சந்திக்க வேண்டும், 16க்குள் ஒரு வேலையிடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் பள்ளியில் எட்டும் இருக்காது. தனியாகப் பேசும் அந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். அந்தப் படிவம் கொடுக்கும் முன்னால்.

ஜன்னலோரம்:

கேட்டுவிட்டேன். வியாழன் மாலை பதினைந்து நிமிடம் தருகிறார்களாம், கணக்கு ஆசிரியரும் இருப்பார்.

நேற்று ராத்திரி ஆறாவது பெஞ்ச் தம்பியின் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி மகளிடம் கேட்டுப் பார்த்தேன், இந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் பேனா நின்றது என்று. கணக்கைத்தான் சொல்வாள் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். "கணக்கில் ஒரு சந்தேகமும் இல்லையே, அதை முதலிலேயே டிக் பண்ணிவிட்டேன். வரலாறா, உயிரியலா என்றுதான் தெரியவில்லை" என்றாள். நான் பதினைந்து வயதிலிருந்து சுமந்துகொண்டிருப்பது அவளுடைய பிரச்சினையே இல்லை.

அந்த இரண்டு கட்டமும் இப்போதைக்குக் காலியாக இருக்கின்றன. படிவம் அவள் பைக்குள்தான் இருக்கிறது. வியாழன் சந்திப்புக்கு நீ வர வேண்டாம் அம்மா, நானே பேசிக்கொள்கிறேன் என்கிறாள்.