அது தண்ணீர்த் தாகம்தான்

பாளையங்கோட்டையிலிருந்து:

பெரிய வெள்ளியன்று எங்கள் சபையில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை தியானம் நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் எடுத்துப் பேசுவார்கள். அப்பா ஐந்தாவது வார்த்தைக்காரர். 'தாகமாயிருக்கிறேன்.' ஒரே சொல்தானே, மற்றவர்கள் இவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அம்மா கேலி செய்வார்கள். அவருடைய செய்தி எனக்கு மனப்பாடம்: இது வெறும் தண்ணீர்த் தாகமல்ல, நம் இரட்சிப்புக்கான ஆத்தும தாகம்.

அப்புறம் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானது. வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். காப்பி, ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். எங்கள் ஊர்ப் பங்குனி வெயிலில் அரை லிட்டர்! அம்மா காலையிலேயே பாட்டிலில் அளந்து வைத்துவிடுவார்கள். ஒருநாள் ராத்திரி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். நான் திட்டிவிட்டேன். "குடிக்கலடா. சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அந்த வருடமும் ஐந்தாவது வார்த்தை தனக்குத்தான் என்று பிடிவாதம். நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். கால்மணி நேரம் பேசுகிறவர் இரண்டு நிமிடத்தில் முடித்தார். "இத்தனை வருசமா தப்பாச் சொல்லிட்டேன். அது தண்ணித் தாகந்தான். ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. வாரினால அடிச்சிருக்காங்க. ரத்தம் போயிருக்கு. வெயில்ல தொங்குறாரு. நாக்கு மேல்வாயோட ஒட்டுது. அவருக்குத் தண்ணி வேணும், கேட்டாரு." அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து யோவான் சுவிசேஷத்தை எடுத்து வாசித்தேன். "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று அவ்வளவு உயரத்தில் தொடங்குகிற அதே சுவிசேஷத்தில்தான், இயேசு நடந்து களைத்துப்போய் யாக்கோபின் கிணற்றருகே உட்கார்ந்து சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிலுவையில் அறையுமுன் வெள்ளைப்போளம் என்ற கசப்புப் பிசின் கலந்த திராட்சரசம் கொடுத்தார்கள், அவர் வாங்கவில்லை என்று மாற்கு எழுதுகிறார். அது வலி மரத்துப்போகக் கொடுப்பது என்பார்கள். கடைசியில் காடியை, சேவகர்கள் குடிக்கிற அந்த மலிவான புளித்த ரசத்தை, கடற்காளானில், அதாவது ஸ்பாஞ்சில், தோய்த்து நீட்டியபோது மட்டும் வாங்கிக்கொண்டார். இத்தனை வருடம் சபைக்குப் போயும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அடுத்த பெரிய வெள்ளிக்கு அப்பா இல்லை.

தூத்துக்குடியிலிருந்து:

நாங்கள் கத்தோலிக்கர். தவக்காலத்தில் வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்துபோனதை நிலை நிலையாக நின்று செபிப்பது. பதினான்கு நிலைகளில் மூன்று, ஏழு, ஒன்பது ஆகிய மூன்றிலும் இயேசு கீழே விழுவார். நற்செய்தியில் அவர் விழுந்ததாக எங்கேயும் எழுதவில்லை, சீரேனே ஊர்ச் சீமோனைப் பிடித்துச் சுமக்கவைத்தது மட்டும்தான் இருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எனக்கு மூன்று தடவை கரு கலைந்தது. முதல் தடவை ஊரே வந்து பார்த்தது. மூன்றாவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருடம் ஒன்பதாம் நிலையில் முழங்காலிட்டவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. கூட்டம் பாடிக்கொண்டே பத்தாவதுக்குப் போய்விட்டது. வயதான ஒரு ஆச்சி மட்டும் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. "இரு தாயி, மெதுவா எந்திரி. அவரும் இங்கதான கிடக்காரு" என்றார்.

மதுரையிலிருந்து:

நான் கிறிஸ்தவன் இல்லை, மிஷன் பள்ளியில் படித்தவன். செத்துப்போன நண்பர் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்துதானே இயேசு கல்லறைக்குப் போகிறார்? பிறகு எதற்கு அழுகிறார், நடிப்பா? எட்டாம் வகுப்பில் இதைக் கேட்டு ஸ்கேலால் அடி வாங்கியதுதான் மிச்சம்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அடிக்கு எங்கள் சார்பில் மன்னித்துவிடுங்கள். உங்கள் கேள்விக்கு வயது அதிகம். இயேசு சிலுவையில் பாடுபட்டது வெறும் தோற்றம்தான் என்று சொன்னவர்கள் ஆரம்பத்திலேயே இருந்தார்கள். அந்தியோகியா ஆயர் இக்னேஷியஸைச் சங்கிலி போட்டு ரோமுக்கு இழுத்துப்போனபோது அவர் வழியிலிருந்தே கடிதம் எழுதினார்: அது தோற்றம்தான் என்றால் நான் எதற்கு இப்படிக் கட்டுண்டு கிடக்கிறேன்? 451இல் கல்செதோனில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம், முழுக்கத் தேவன், முழுக்க மனிதன் என்று எழுதிவைத்தது. இயேசு கலங்கினது, லாசருவின் சகோதரி மரியாள் அழுகிறதைக் கண்டபோது என்று யோவான் சொல்கிறார். செத்த வீட்டில் நமக்கும் அப்படித்தானே? எதிரே இருப்பவர் அழும்போதுதான் உடைகிறோம். அப்பாவாக இருந்தால் "அழுகை வந்துச்சு, அழுதாரு" என்று முடித்திருப்பார்.

இந்த வருடம் ஐந்தாவது வார்த்தையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டிலை அம்மா இன்னும் தூக்கிப் போடவில்லை.