சனிக்கிழமை ஹீரோ, மத்த ஆறு நாள் சோபா: வாரத்துக்கு எத்தனை நாள் எக்சர்சைஸ் பண்றீங்க?

பிடோக் பேட்மிண்டன்காரன்:
வணக்கம் மக்களே. 46 வயசு, ஆபீஸ் வேலை, பத்து வருஷமா சனிக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் பேட்மிண்டன், அத வச்சுக்கிட்டு நான் பெரிய ஸ்போர்ட்ஸ்மேன்னு வீட்ல பீத்திக்கிட்டு இருந்தேன். ஆட்டம் முடிஞ்சதும் நேரா காப்பிக்கடை, ரெண்டு முட்டை புரோட்டா, ஒரு தே தாரிக் (இழுத்து ஆத்துன பால் டீ), வியர்வை சிந்தினோம்ல அந்த தைரியம்தான்.

போன வருஷம் பாலிகிளினிக்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, ரத்தம் எடுத்தாங்க, எச்பிஏ1சி 7.1, சுகர்னு சொல்லிட்டாங்க. தெரியாதவங்களுக்கு, அது கடைசி ரெண்டு மூணு மாசத்து சுகரோட சராசரி, முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாத்த முடியாது. அங்க இருந்த நர்ஸ் நம்ம ஊர் அக்கா மாதிரி நல்லா தமிழ் பேசுனாங்க. எக்சர்சைஸ் பண்றீங்களான்னு கேட்டாங்க, நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு பேட்மிண்டன்னு சொன்னேன். "சரி சார், சனிக்கிழமை தெரியுது, ஞாயிறுலேருந்து வெள்ளி வரைக்கும் என்ன பண்றீங்க?" பதிலே வரல.

அப்புறம் அவங்க சொன்னதுதான் எனக்கு உறைச்சது. நடந்தா, ஓடினா தசை ரத்தத்துல இருக்குற சர்க்கரைய இழுத்துக்குது, இன்சுலினும் அப்ப நல்லா வேலை செய்யுது, ஆனா அந்த பலன் ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு மூணு நாள் வரைக்கும்தான் நிக்குமாம், அதனால சுகர் இருக்குறவங்க தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல சும்மா இருக்கக்கூடாதுன்னாங்க. எத்தனை நாள் பண்றோம்ங்கறதோட எத்தனை நாள் விட்டுட்டு பண்றோம்ங்கறதும் கணக்கு. எனக்கு இத யாரும் முன்னாடி சொல்லல, இல்ல சொல்லியும் நான் கேக்கல.

வீட்டுக்கு வந்து உண்மையான கணக்கு போட்டேன். வாரத்துக்கு 150லேருந்து 300 நிமிஷம் மிதமான வேகத்துல, இல்லன்னா 75லேருந்து 150 நிமிஷம் மூச்சு வாங்குற மாதிரி, கூடவே ரெண்டு நாள் தசைக்கு வேலை, இதுதான் உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, சிங்கப்பூர்லயும் அதே அளவுதான். என் ரெண்டு மணி நேரத்துல நாங்க ஆறு பேர், கோர்ட் ஒண்ணு, உக்காந்து கதை அடிச்ச நேரத்த கழிச்சா ஒரு மணி நேரம் தேறினா பெருசு.

இப்ப செவ்வாய், வியாழன் ராத்திரி பிடோக் நீர்த்தேக்கத்த ஒரு சுத்து, 4.3 கிலோமீட்டர், எனக்கு 50 நிமிஷம் ஆகுது. மத்த நாள் சாப்பிட்டதும் புளோக்க சுத்தி ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் பொடிநடை. சனிக்கிழமை ஆட்டம் அப்படியே இருக்கு, புரோட்டா மட்டும் ஒண்ணாச்சு. நாலு மாசம் கழிச்சு 6.6. சோறும் கொறச்சேன், அதனால நடைதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். நீங்க எப்படி?

ராத்திரி ஷிப்ட் அண்ணன்:
தம்பி நான் காண்டோல (தனியார் அடுக்குமாடி) செக்யூரிட்டி, 12 மணி நேர டியூட்டி, வாரம் ஆறு நாள். எனக்கெல்லாம் எதுக்கு எக்சர்சைஸ், நடக்குறதே வேலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அரசாங்கத்தோட ஹெல்தி 365 செயலில தினமும் 11,000 12,000 அடி காட்டும், புள்ளி சேத்து வவுச்சர் மாத்தி சூப்பர்மார்க்கெட்ல அரிசி வாங்குவேன், பெருமையா இருக்கும். ஒருநாள் மகதான் அந்த எம்விபிஏங்கற கட்டத்த காட்டினா, அதாவது இதயம் கொஞ்சம் வேகமா அடிக்கிற நிமிஷம். மொத்த நாளுக்கும் 6. ஆறே நிமிஷம் லா! ரோந்து போறேன்னு பேரு, ஆனா ஆடி அசைஞ்சு டார்ச் அடிச்சுக்கிட்டு போறது.

அடி எண்ணிக்கை வேற, வேகம் வேறன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அந்த 10,000 கணக்கே 1960கள்ல ஜப்பான்ல ஒரு நடைமானிக்கு வச்ச பேர்லேருந்து வந்ததுன்னு மக சொன்னா, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப ரெண்டு ரோந்த மட்டும் வேகமா போறேன், ஒரு டவர்ல படியேறி மேல போயி லிஃப்ட்ல இறங்குவேன். பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாது, அதான் சரியான வேகமாம். நான் பாடி பாத்தேன், பத்தாவது மாடில ஒரு அங்கிள் கதவ தொறந்து பாத்தாரு.

உட்லண்ட்ஸ் அக்கா:
அண்ணே சிரிச்சு முடியல 😂

என் கதை தைப்பூசத்துல ஆரம்பம். வேண்டுதலுக்கு பால்குடம் எடுத்தேன், சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு கோயில் வரைக்கும் மூணு கிலோமீட்டருக்கு மேல. வெறுங்கால், தலைல குடம். முன்னாடி 60 தாண்டின ஒரு அம்மா விறுவிறுன்னு போறாங்க, 57 வயசு நான் பாதி வழிலயே தம்பி கைய புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். முருகன் கூட்டிட்டு போயிட்டான், அது வேற விஷயம், ஆனா மறுநாள் மாடிப்படி இறங்க முடியல.

நான் மூச்சுதான் பிரச்சினைன்னு நெனச்சேன், பிசியோ பாத்துட்டு தொடைல பலமே இல்லம்மான்னாங்க. தினம் மார்க்கெட்டுக்கு நடப்பேன், வாரத்துல ஏழு நாளும், ஆனா தசைக்குன்னு ஒரு நாள்கூட எதுவும் பண்ணினது இல்ல. அந்த "ரெண்டு நாள்" இருக்கு பாருங்க, நம்ம பொம்பளைங்க எல்லாரும் அத விட்டுடறோம், வெயிட் தூக்கறது பசங்க வேலைன்னு. ஜிம்முக்கெல்லாம் போகல. சாப்பாட்டு நாற்காலில கைய ஊணாம உக்காந்து எழுந்திரிக்கணும், பத்து தடவ, மூணு சுத்து. ஒன்றரை லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு கைலயும். செவத்த புடிச்சு தள்ளற புஷ்அப். திங்கள், வெள்ளி, சீரியல் ஓடும்போதே. முதல் வாரம் தொடை வலிச்சுது, அப்புறம் பழகிடுச்சு. 65க்கு மேல இருக்குற பெரியவங்க வீட்ல இருந்தா அவங்களுக்கு பேலன்ஸ் பயிற்சியும் வாரம் மூணு நாள் வேணுமாம், விழாம இருக்கறதுக்கு, என் மாமியார் அடுப்படி மேடைய புடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, கொக்கு மாதிரின்னு பேத்தி கிண்டல் பண்ணும்.

ஐபிபிடி பாவம்:
எனக்கு எக்சர்சைஸ் வருஷத்துக்கு ஒரு சீசன்தான் 😅 ஐபிபிடின்னா தேசிய சேவை முடிச்சவங்களுக்கு வைக்கிற உடல்தகுதி டெஸ்ட்டு. அந்த டெஸ்ட்டுக்கு மூணு வாரம் முன்னாடி தினம் 2.4 கிலோமீட்டர் ஓடுவேன், புஷ்அப், சிட்அப், முடிஞ்சதும் ஷூவ தூக்கி போட்ருவேன். போன தடவ கோட்டை விட்டு என்எஸ் ஃபிட்ங்கற உடற்பயிற்சி வகுப்புக்கு பத்து செஷன் போனேன். கடுப்போடதான் போனேன், ஆனா வாரம் ரெண்டு தடவைன்னு அஞ்சு வாரம் போனதுல தூக்கமே மாறிடுச்சு. முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, திரும்ப சோபா. வாராவாரம் யாராச்சும் அட்டெண்டன்ஸ் எடுத்தா நல்லா இருக்கும்.

ஓட்டப் பைத்தியம்:
எதிர்ப்பக்கமும் ஒருத்தன் சொல்லணும்ல. கூட கூட நல்லதுன்னு ஏழு நாளும் ஓடினேன், பூஜ்யத்துலேருந்து ஒரே மாசத்துல வாரம் 40 கிலோமீட்டர். கெண்டைக்கால் முன்பக்க எலும்பு ஓரமா வலி, ஐஸ் வச்சுக்கிட்டே ஓடினேன், கடைசில ஆறு வாரம் ஓடவே கூடாதுன்னுட்டாங்க. இப்ப நாலு நாள் ஓட்டம், ஒரு நாள் நீச்சல், மத்தது ரெஸ்ட்டு. அப்புறம் சுகர் மாத்திரை, இன்சுலின் போடறவங்க ஒண்ணு கவனிங்க, சில மாத்திரைக்கு நடக்கும்போதே சுகர் சட்டுன்னு இறங்கும், கை நடுங்கும், பாக்கெட்ல இனிப்பு வச்சுக்கிட்டு போங்க, எந்த மாத்திரைன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. நெஞ்சுல வலி, தலைசுத்தல்னா நிறுத்திடணும், ரோஷம் வேணாம். புகைமூட்டத்தப்போ பிஎஸ்ஐ, அதான் காத்து மாசு அளவு, 100க்கு மேல போனா வெளிய ஓடாதீங்க.

பிடோக் பேட்மிண்டன்காரன்:
ஐயோ தம்பி, நான் மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை மட்டும்தான், இருந்தாலும் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட்ல கேக்கறேன். அக்கா சொன்ன நாற்காலி நேத்து செஞ்சு பாத்தேன், ஆறாவது தடவைலயே கை தானா மேசைய தேடுது, பத்து வருஷ பேட்மிண்டன்காரன்!

ஐபிபிடி தம்பி, நீங்க கிழக்குல இருந்தா செவ்வாய் ராத்திரி எட்டரைக்கு நீர்த்தேக்கத்து கார்பார்க் பக்கம் வாங்க, அட்டெண்டன்ஸ் நான் எடுக்கறேன். மழை இடின்னா எங்க புளோக் கீழ்த்தளத்துல நாற்காலி போட்டு வைக்கிறேன்.

ஐபிபிடி பாவம்:
தெம்பனீஸ்தான் அண்ணே. வரேன். எட்டே முக்கால்னு வச்சுக்கலாமா, சாப்பிட்டுட்டு வரணும்.

ராத்திரி ஷிப்ட் அண்ணன்:
செவ்வாய் எனக்கு ஆஃப். நானும் வரேன், ஆனா பாட மாட்டேன்.