திங்கட்கிழமைக்குள் ஒரு சொல்: ‘பிராண்ட் ஸ்டோரிடெல்லிங்’

ஆசிரியை (வெள்ளி மாலை):

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை காலை காட்சித் தொடர்பியல் இரண்டாமாண்டுக்கு வகுப்பு. பாடம், விளையாட்டு உடை விளம்பரங்கள். ‘பிராண்ட் ஸ்டோரிடெல்லிங்’ என்று வரும் இடத்துக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். போன ஆண்டு ‘வணிகக்குறிக் கதைசொல்லல்’ என்றேன். “கதை விடுறதா, மேடம்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். அதோடு அந்தச் சொல் செத்தது.

சொல் எதைத் தாங்க வேண்டும் என்பதற்கு ஒரு சான்று. காலணி நிறுவனமான நைக்கியின் ‘ஜஸ்ட் டூ இட்’ விளம்பர வரிசையில் 1988இல் வந்த முதல் படம். வால்ட் ஸ்டாக் என்ற 80 வயதுக்காரர் மேல்சட்டை இல்லாமல் கோல்டன் கேட் பாலத்தில் ஓடுகிறார். தினமும் காலையில் 17 மைலாம். குளிர்காலத்தில் பல் கிட்டிக்கொள்ளாதா என்று கேட்கிறார்களாம். பல்லை லாக்கரிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன் என்கிறார். காலணியின் அடிப்பாகம், மெத்தை, விலை பற்றி ஒரு பேச்சும் இல்லை. விற்கிற பொருள் வாயே திறக்காத இந்த வகைக்கு என்ன பெயர்?

வேர்த்தேடி:

முதலில், கதை வடசொல். அதை விலக்கிவிட்டுத் தொடங்குவோம். பிராண்ட் என்பது மாட்டுக்கு இரும்பைக் காய்ச்சிப் போடும் சூடு. ஆகவே வணிகக்குறி என்பதைவிடச் சூட்டுக்குறி பொருத்தம். நைக்கி யார்? கிரேக்கரின் வெற்றித் தெய்வம். நம் கொற்றவை. அந்த வளைகோட்டுச் சின்னத்தை 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி வரைந்து 35 டாலர் வாங்கினார் என்பது தெரிந்ததுதான். வெற்றித் தெய்வத்தின் பெயரில் நடக்கும் வணிகத்துக்கு வெற்றியைப் பாடும் வாகைத் திணையைத் தவிர வேறு எது வரும்? வாகை போரோடு நிற்பதில்லை. அவரவர் தத்தம் கூற்றில் மிக்கு விளங்குவதும் வாகையே என்கிறது தொல்காப்பியம். ஓட்டக்காரன் ஓட்டத்தில், பந்தாடுபவன் பந்தில். என் பரிந்துரை ‘வாகையுரை’.

நல்லூரான்:

ஐயா, கதையை வடசொல் என்று தள்ளினால் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் வாய் திறக்க ஏலாது. நாங்கள் பேசுவதே இல்லை, கதைக்கிறோம். கதைத்தான், கதைக்கிறான், கதைப்பான் என்று தமிழ் வினையாகவே நடக்கிற சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது என்ன நியாயம்? சூட்டுக்குறி என்றால் பிள்ளைகள் ஆஸ்பத்திரி நினைவோடுதான் வகுப்பில் இருப்பார்கள்.

ஆசிரியை:

வாகையில் இன்னொரு சிக்கல் ஐயா. வகுப்பில் காட்டப்போகும் இரண்டாவது படம் 1997இல் வந்தது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் அரங்கத்துக்குள் நடந்து வருகிறார், பின்னணியில் அவர் குரல். 9000க்கும் மேற்பட்ட முறை கூடையைத் தவறவிட்டேன், ஏறக்குறைய 300 ஆட்டங்கள் தோற்றேன், கடைசி எறிதலை நம்பி என் கையில் கொடுத்தபோது 26 முறை தவறினேன். தோல்விக் கணக்கை வரிசையாக ஒப்பிப்பது வாகையா?

வேர்த்தேடி:

அம்மா, நல்ல இடத்தில் நிறுத்தினீர்கள். புறநானூறு 66. வெண்ணிப் பறந்தலையில் வென்றவன் கரிகாலன். அவன் முகத்துக்கு நேரே புலவர் வெண்ணிக்குயத்தியார் கேட்கிறார்: உன்னிடம் தோற்று, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, உண்ணாமல் வடக்கிருந்தானே சேரன், அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா? தோற்றவனை வென்றவனுக்கு மேலே வைக்க நமக்கு ஒரு விளம்பர நிறுவனம் கற்றுத்தர வேண்டியதில்லை. வாகை நிற்கும்.

ஆசிரியை:

பாட்டு அருமை, வகுப்பில் சொல்வேன். ஆனால் அந்தப் பாட்டைச் சொல்லி யாரும் செருப்பு விற்கவில்லையே.

குமரிக்காரன்:

எங்கள் நாஞ்சில் நாட்டில் விளம்புவது என்றால் சோறு பரிமாறுவது. விளம்பரம் என்ற சொல்லில் எனக்கு எப்போதும் பந்தி வாசனைதான் வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றுப்படையை ஏன் யாரும் சொல்லவில்லை? பரிசில் பெற்றவன், எதிரே வறுமையோடு வருகிறவனிடம் தன் பழைய நிலையைச் சொல்லி, வழியும் சொல்லி அனுப்புகிறான். வள்ளல் தானே முன்னால் வந்து பேசுவதில்லை. அவனிடம் வாங்கியவன் பேசுகிறான். விளையாட்டு உடை நிறுவனமான அண்டர் ஆர்மர் 2014இல் பாலே நடனக்காரர் மிஸ்டி கோப்லண்டை வைத்து எடுத்த படமும் அப்படித்தானே. உன் பாதம் சரியில்லை, உடல்வாகு சரியில்லை, 13 வயது ஆகிவிட்டது என்று பாலே பள்ளி நிராகரித்த கடிதத்தை ஒரு சிறுமியின் குரல் வாசிக்கிறது. திரையில் அவர் ஆடிக்கொண்டிருக்கிறார். ‘ஆற்றுப்படை விளம்பரம்’ என்று வைத்துப் பாருங்கள்.

நல்லூரான்:

வடிவாக இருக்கிறது அண்ணை. ஆனால் ஆற்றுப்படுத்தல் என்றால் இப்போது உளநல ஆலோசனை. சப்பாத்து வாங்க வந்தவன் மனக்கவலையைச் சொல்லத் தொடங்கிவிடுவான்.

மென்பொருள் பெயர்ப்பு (சனி இரவு):

இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தேன். பொருளைச் சொல்லாமல் சொல்வதுதான் இதன் உயிர் என்றால், அதற்கு இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது: உள்ளுறை. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு அதிகாரபூர்வ ஆதரவாளர் அடிடாஸ். நைக்கிக்கு அந்த உரிமை இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? உலகத்தில் எங்கெங்கோ லண்டன் என்ற பெயரில் இருக்கும் ஊர்களுக்குப் போய்ச் சாதாரண மக்களைப் படம் எடுத்தார்கள். அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள லண்டனில், ஆளில்லாத சாலையில், பருத்த உடம்போடு ஒரு சிறுவன் மூச்சுவாங்க ஓடி வருவான். ஒலிம்பிக் என்ற சொல்லே கிடையாது, கேட்டவனுக்கெல்லாம் ஒலிம்பிக் புரிந்தது. சங்கப் பாட்டில் மரம், பறவை, விலங்கு என்ற கருப்பொருளைச் சொல்லிக் காதலைப் புரியவைப்பது போலத்தான் இதுவும். ‘உள்ளுறை விளம்பரம்’.

ஆசிரியை:

மனசுக்குப் பிடிக்கிறது. ஆனால் சினிமாவில் நாயகன் மேசைமேல் குளிர்பானப் புட்டியை வைத்துக் காட்டுவார்களே, ‘உள்ளுறை விளம்பரம்’ என்றவுடன் பையன்கள் அதைத்தான் நினைப்பார்கள். அது நேர் எதிர். அங்கே கதைக்குள் பொருளைத் திணிக்கிறார்கள். இங்கே பொருளை ஒதுக்கிவிட்டுக் கதையை முன்னால் விடுகிறார்கள்.

குமரிக்காரன்:

அப்படியானால் ‘கதைவழி விளம்பரம்’ போதுமே. கேட்டவுடன் விளங்கும்.

நல்லூரான்:

எனக்குச் சம்மதம்.

வேர்த்தேடி:

விளங்குவது மட்டும் போதுமென்றால் ‘ஸ்டோரி ஆட்’ என்றே எழுதுங்கள், எல்லாருக்கும் விளங்கும். உரைநடை வகைகளில் ஒன்றைத் தொல்காப்பியம் ‘பொருளொடு புணர்ந்த நகைமொழி’ என்கிறது. பல்லை லாக்கரில் வைத்த கிழவருக்கு அதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைத்துவிட முடியும்? பொருள் என்பதற்கு இரண்டு பொருளும் அங்கே உண்டு.

மென்பொருள் பெயர்ப்பு:

ஐயா, என் திரையில் ஒரு பொத்தானுக்கு 18 எழுத்துதான் இடம்.

ஆசிரியை (ஞாயிறு இரவு):

எண்ணிப் பார்த்தேன். கதைவழி விளம்பரத்துக்கு நல்லூரானும் குமரிக்காரனும், வேறு வழியில்லாமல் நானும். உள்ளுறைக்கு ஒருவர், வாகையுரைக்கு ஒருவர். படவில்லைகளில் ‘கதைவழி விளம்பரம்’ என்று போட்டுவிட்டேன். ‘பொருளொடு புணர்ந்த நகைமொழி’ வால்ட் ஸ்டாக் படத்தின் கீழே போகிறது. அப்புறம், ‘ஸ்லோகன்’ என்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறது. காலை எட்டரைக்கு வகுப்பு.

வேர்த்தேடி:

கதைவழிக்கு என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. ஸ்லோகன் என்பது ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் போர்க்கூச்சல். ஆகவே முதலில் துடி என்ற பறையைப் பார்க்க வேண்டும். நீளமாக எழுதுகிறேன், விழித்திருங்கள்.