ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் நாளுக்கு நாலு நிமிடம் முந்துகிறது, ஸ்டாப்வாட்ச் முள்ளும் 12-இல் நிற்பதில்லை. சர்வீஸ் கொடுத்தே ஆக வேண்டுமா?

வேளச்சேரி_பயணி:
வணக்கம். துபாயில் இருந்து வந்த சித்தப்பா, தான் கட்டியிருந்த குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்சும் சேர்ந்த) வாட்சை எனக்குக் கொடுத்துவிட்டார். பேட்டரி கிடையாது, கையசைவில் ஓடுவது. டயலில் 12, 9, 6 பக்கம் மூன்று சின்ன வட்டங்கள், 3 பக்கம் கிழமையும் தேதியும். வலது ஓரத்தில் மேலே ஒரு பட்டன், கீழே ஒரு பட்டன், நடுவில் சாவித் திருகு.

இரண்டு தொல்லை. போன மாதம் வரை ஒழுங்காக ஓடியது, இப்போது திடீரென்று நாளுக்கு நாலைந்து நிமிடம் முந்துகிறது. அப்புறம், ஸ்டாப்வாட்சை நிறுத்திவிட்டுக் கீழ்ப் பட்டனை அழுத்தினால் நடுவில் உள்ள நீள முள் 12-க்கு வராமல் 2 வினாடி தள்ளி நிற்கிறது. மவுன்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் "ஃபுல் சர்வீஸ் சார், 18,000 ஆகும்" என்றார்கள்.

இன்னொன்று. கையை வேகமாக உதறினால் உள்ளே எதுவோ கிர்ரென்று சுற்றி மணிக்கட்டே அதிர்கிறது. ஏதாவது கழன்றுவிட்டதா?

தி_நகர்_டிங்கர்:
முள்ளுக்கெல்லாம் கடைக்குப் போகாதீர்கள் ப்ரோ. திருகை வெளியே இழுத்துவிட்டு மேல் பட்டனை அழுத்திக்கொண்டே வாருங்கள். முள் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். 12-க்கு வந்ததும் திருகை உள்ளே தள்ளிவிடுங்கள், முடிந்தது வேலை. என் வாட்சில் இப்படித்தான் செய்வேன்.

பாரிமுனை_பட்டறை:
டிங்கர் தம்பி, உங்களுடையது பேட்டரி குரோனோகிராஃப். அதில் முள்ளை ஓட்டுவது மோட்டார், அதனால் பட்டனாலேயே சரிசெய்யலாம். மெக்கானிக்கலில் அந்த ஏற்பாடே கிடையாது. மேல் பட்டனை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச் ஓடும், நிற்கும், அவ்வளவுதான்.

பயணி தம்பி, அந்த முள்ளின் அச்சில் இதய வடிவத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். கீழ்ப் பட்டனை அழுத்தினால் சுத்தியல் போன்ற ஒரு நெம்பு வந்து அதன் விளிம்பில் மோதும். தகடு எந்தக் கோணத்தில் இருந்தாலும், பள்ளமான பக்கம் சுத்தியலுக்கு நேராக வரும்வரை திரும்பிவிடும். ஆகவே அச்சு எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் வரும். முள்ளோ அந்த அச்சின் மேல் அழுத்திச் செருகப்பட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை பூஜ்யத்துக்கு வரும்போதும் வாங்குகிற உதறலில் நழுவ வாய்ப்பு உண்டு.

இதைப் பாருங்கள்: ஸ்டாப்வாட்சை 15 வினாடியில் நிறுத்தி ரீசெட் செய்யுங்கள். அப்புறம் 35-இல், பிறகு 50-இல். எல்லாத் தடவையும் அதே 2 வினாடியில் வந்து நின்றால் முள் நழுவி உட்கார்ந்திருக்கிறது. பிடுங்கி நேராகச் செருகினால் போதும். ஒரு தடவை 2, ஒரு தடவை 5 என்று மாறினால் முள் அச்சில் லொடலொடத்துக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் சுத்தியல் பக்கம் கோளாறு. அதற்கு உள்ளே பிரிக்க வேண்டும்.

அதிர்வைப் பற்றிக் கவலை வேண்டாம். 12, 9, 6 என்ற அமைப்பையும் கிழமை, தேதியையும் பார்த்தால் உள்ளே வால்ஜூ 7750 குடும்பத்து எந்திரம் என்றே தோன்றுகிறது. அதன் ரோட்டர் (கையசைவில் சுற்றிச் சாவி ஏற்றும் எடைத் தகடு) ஒரு திசையில் சுற்றும்போது மட்டும்தான் சாவி ஏற்றும். மறு திசையில் தடையில்லாமல் சுழலும். அந்த வேகத்தைத்தான் மணிக்கட்டு உணர்கிறது. அதன் பிறவிக் குணம் அது.

புரசை_ஆட்டோமேட்டிக்:
முந்துவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. எண்ணெய் காய்ந்தால் வாட்ச் மெல்ல மெல்லக் கெடும். ஒரே நாளில் நிமிடக் கணக்கில் முந்த ஆரம்பித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது காந்தத்தை. ஹேர்ஸ்பிரிங்கில், அதாவது உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் கம்பியில், காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் குறைந்துவிடும், அது ஆட்டுகிற, வாட்சின் வேகத்தைத் தீர்மானிக்கிற பேலன்ஸ் வீல் வேகமாக ஆடும், வாட்ச் முந்தும்.

இரண்டு கேள்வி. கீழே ஏதும் போட்டீர்களா? பலமான அடி பட்டுச் சுருள் சிக்கிக்கொண்டாலும் இதே அறிகுறிதான், ஆனால் அதற்குத் திறக்க வேண்டும். ராத்திரி வாட்சை எங்கே கழற்றி வைக்கிறீர்கள்?

வேளச்சேரி_பயணி:
கீழே போடவே இல்லை சார். ராத்திரி கட்டில் தலைமாட்டில் ப்ளூடூத் ஸ்பீக்கர் மேல் வைப்பேன். ஸ்பீக்கர் போன மாதம் வாங்கியது...

முள் எங்கிருந்து ரீசெட் செய்தாலும் அதே 2 வினாடியில்தான் நிற்கிறது.

புரசை_ஆட்டோமேட்டிக்:
பதில் உங்கள் வரியிலேயே இருக்கிறது. ஸ்பீக்கருக்குள் நிரந்தரக் காந்தம் உண்டு. ஊசி வைத்த சாதாரணத் திசைகாட்டி கிடைத்தால் அதன் ஓரமாக வாட்சை மெதுவாக நகர்த்துங்கள். ஊசி சும்மா கொஞ்சம் திரும்பினால் அது எஃகுக் கூட்டினால்கூட இருக்கலாம். பேலன்ஸ் வீல் பக்கம் வரும்போது ஊசி படபடவென்று நடுங்கினால் காந்தம் ஏறியிருக்கிறது என்று நம்பலாம்.

வேளச்சேரி_பயணி:
தம்பியின் பள்ளிக்கூடப் பெட்டியில் ஒரு திசைகாட்டி இருந்தது. ஊசி நன்றாகவே நடுங்குகிறது!

தி_நகர்_டிங்கர்:
அப்போ ரிச்சி ஸ்ட்ரீட் போங்க ப்ரோ. ஸ்க்ரூட்ரைவரில் காந்தம் ஏற்ற, இறக்க ஒரு சின்னக் கட்டை விற்கிறார்கள், இரண்டு ஓட்டை இருக்கும். அதில் வைத்து எடுத்தால் போய்விடும்.

பாரிமுனை_பட்டறை:
வேண்டவே வேண்டாம். அந்தக் கட்டைக்குள் இருப்பதே நிரந்தரக் காந்தம்தான். வாட்சை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் இருப்பது போதாதென்று இன்னும் ஏறும்.

வாட்சுக்கு வேண்டியது கரண்டில் ஓடும் டீமேக்னடைஸர், காந்தம் இறக்கும் பெட்டி. மாறுமின்னோட்டத்தால் காந்தப்புலம் முன்னும் பின்னுமாகப் புரண்டுகொண்டே இருக்கும். அதன் மேல் வாட்சை வைத்து, பட்டனை அழுத்தியபடியே கையை நீட்டி மெதுவாக விலக்க வேண்டும். தூரம் போகப் போகப் புலம் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். வாட்ச் பக்கத்தில் இருக்கும்போதே பட்டனை விட்டுவிட்டால் செய்த வேலை வீண், மறுபடி ஏறிவிடும். பட்டனை ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டே இருந்தால் பெட்டி சூடாகிவிடும், சில வினாடி போதும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மெக்கானிக்கல் வாட்ச் பார்க்கிற பட்டறையில் அநேகமாக இது இருக்கும், ஒரு நிமிட வேலை. முள்ளையும் அங்கேயே செருகச் சொல்லுங்கள். எந்திரத்தைக் கூட்டில் இருந்து வெளியே எடுத்துத்தான் முள்ளைத் தொட முடியும் என்பதால் அதை வீட்டில் முயல வேண்டாம், டயலில் கீறல் விழும். பின்மூடியைத் திறந்த கையோடு வாஷரையும் மாற்றிவிடுங்கள். நம் ஊர் வியர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் அதுதான் முதலில் போகும். மூடிய பிறகு தண்ணீர் சோதனை கேளுங்கள்.

சீக்கோ_பித்தன்:
எதிர்க் கருத்து ஒன்று. சித்தப்பா கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார் என்று தெரியாத வாட்ச். எப்படியும் திறக்கப் போகிறீர்கள், முழு சர்வீஸே செய்துவிடலாமே?

பாரிமுனை_பட்டறை:
அவரைக் கேட்டுவிட்டே முடிவு செய்யலாம். ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் நானும் செய்யத்தான் சொல்வேன். ஆனால் காந்தத்தை இறக்காமல் எந்தக் கணக்கும் போடக் கூடாது. இறக்கிய பிறகு ஒரு நாள் முழுக்கக் கட்டிவிட்டுக் கழற்றி வையுங்கள். 40 மணி நேரம் தாண்டி ஓட வேண்டும். ஸ்டாப்வாட்சை ஓடவிட்டதும் வாட்ச் திணறினாலோ நின்றாலோ உள்ளே எண்ணெய் போய்விட்டது. அப்படி இருந்தால் நானே பணத்தைக் கட்டச் சொல்வேன்.

வேளச்சேரி_பயணி:
நன்றி. ஸ்டாப்வாட்ச் முள்ளை எப்போதும் ஓடவிடலாமா? பார்க்க அழகாக இருக்கிறது. கேட்டதற்கு டிங்கர் ப்ரோ சிரிக்கக் கூடாது.

சீக்கோ_பித்தன்:
நான் எப்போதும் ஓடவிடுகிறேன். ஆனால் என்னுடையது சீக்கோ 6139, 1969-இல் வந்த எந்திரம். அதில் தனி வினாடி முள்ளே இல்லை, ஸ்டாப்வாட்சை ஓட்டத்தோடு இணைக்கும் கிளட்சும் செங்குத்தானது, பற்கள் மோதிக் கோக்கும் வேலை கிடையாது. (விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குக் கட்டிக்கொண்டு போனது இந்த 6139 வகைதான். வாய்ப்புக் கிடைத்தால் சொல்லாமல் விடமாட்டேன்.)

பாரிமுனை_பட்டறை:
7750-இல் வினாடிக்கென்று 9 பக்கம் தனி வட்டம் ஓடிக்கொண்டிருக்கிறதே, போதாதா? ஓட்டினால் உடைந்துவிடாது. ஆனால் அதிகப்படிச் சக்கரங்கள் சும்மா தேயும், பேலன்ஸின் ஆட்டமும் கொஞ்சம் குறையும். வேண்டியபோது ஓட்டுங்கள். ஓட்டாமலே பூட்டி வைப்பதும் தேவையில்லை.

அப்புறம் ஒன்று, மழையிலும் பைப்படியிலும் பட்டனைத் தொடாதீர்கள். தண்ணீர் உள்ளே போகிற வழி பெரும்பாலும் அதுதான். ராத்திரி 8 முதல் அதிகாலை 2 வரை திருகால் கிழமை, தேதியை மாற்றவும் வேண்டாம். அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் கோத்திருக்கும், பல் போய்விடும்.

வேளச்சேரி_பயணி:
பாரிமுனையில் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். காந்தத்தை என் கண்ணெதிரே இறக்கினார். முள்ளைச் செருகி, வாஷர் மாற்றி இரண்டு நாளில் கொடுத்துவிட்டார். இப்போது நாளுக்கு 8 வினாடிதான் முந்துகிறது. முள் கச்சிதமாக 12-இல். கழற்றி வைத்தால் இரண்டு நாளை நெருங்கி ஓடுகிறது. சித்தப்பா மூன்று வருடம் முன்பு சர்வீஸ் செய்தாராம், அதனால் 18,000 இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும். ஸ்பீக்கர் ஹாலுக்குப் போய்விட்டது.

கடைசியாக ஒன்று: டயல் ஓரத்தில் 400, 200, 120, 60 என்று எண்கள் இருக்கின்றனவே, அது எதற்கு?

புரசை_ஆட்டோமேட்டிக்:
டாக்கிமீட்டர். ஒரு கிலோமீட்டர் போக எத்தனை வினாடி என்று பிடித்தால் முள் நிற்கும் இடத்தில் வேகம் எழுதியிருக்கும். 45 வினாடி என்றால் 80, 36 வினாடி என்றால் 100. எல்லாம் 3600-ஐ வினாடியால் வகுப்பதுதான். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் செல்லாது, ஆகவே வேளச்சேரி மெயின் ரோட்டில் உங்களுக்கு இது பயன்படவே படாது.

பைக்கில் வேண்டாம், கண் சாலையில் இருக்கட்டும். தாம்பரம் பீச் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். தண்டவாளம் ஓரத்து மின்கம்பங்களில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு எண் எழுதியிருக்கும். மேலே இருப்பது கிலோமீட்டர், கீழே கம்பத்தின் வரிசை எண். மேல் எண் மாறும் கம்பத்தில் தொடங்கி, அது அடுத்து மாறும்போது நிறுத்துங்கள். நடுவில் ஸ்டேஷன் வந்துவிட்டால் கணக்கு போச்சு, அதனால் இடைவெளி நீளமான இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.